முட்டை இறுகுகிறது, பால் ஏன் இறுகவில்லை?
வாசகர் கேள்வி-பதில்

சென்ற இதழில் 'புரதம் என்பது சாப்பிடுகிற சத்து மட்டுமல்ல, உடம்புக்குள் வேலை செய்கிற ஆள்' என்று எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு ஒரு பை நிறையக் கடிதங்கள் வந்துவிட்டன. முப்பத்தொரு வருடம் கல்லூரியில் உயிர்வேதியியல் நடத்தியிருக்கிறேன். வகுப்பில் யாரும் கேட்காத கேள்விகள் இந்தப் பையில் இருக்கின்றன. முடிந்தவரை பதில் சொல்லியிருக்கிறேன்.

முட்டையை அடுப்பில் வைத்தால் கெட்டியாகிறது. பாலை எவ்வளவு காய்ச்சினாலும் அப்படியே இருக்கிறது. இரண்டிலும் புரதம்தானே இருக்கிறது? (ஒரு வாசகி, பாளையங்கோட்டை)

அம்மா, எம்.எஸ்சி. வாய்மொழித் தேர்வில் இதைக் கேட்டால் பாதிப் பேர் திணறுவார்கள். இந்த இதழில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

புரதம் ஒரு சங்கிலி. அதில் ஒவ்வொரு கண்ணியும் ஒரு அமினோ அமிலம். மொத்தம் இருபது வகைக் கண்ணிகள். முட்டை வெள்ளைக்கருவில் அதிகமாக இருக்கும் ஓவால்புமின் என்ற புரதத்தில் 385 கண்ணிகள். இந்தச் சங்கிலி நீளமாகக் கிடப்பதில்லை. சில கண்ணிகளுக்குத் தண்ணீர் பிடிக்கும், சிலவற்றுக்குப் பிடிக்காது. பிடிக்காதவை உள்ளே போய் ஒளிந்துகொள்ள, பிடித்தவை வெளியே நிற்க, சங்கிலி ஒரு உருண்டையாக மடிந்துகொள்கிறது. ஒவ்வொரு புரதத்துக்கும் அதற்கே உரிய மடிப்பு உண்டு. பச்சை முட்டையில் இந்த உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தண்ணீரில் மிதக்கின்றன. அதனால்தான் வெள்ளைக்கரு கண்ணாடி மாதிரி தெரிகிறது.

நாளைக்குக் காலையில் அடுப்பை 'சிம்'மில் வைத்து, தோசைக்கல் சூடேறும் முன்பே முட்டையை உடைத்து ஊற்றிப் பாருங்கள். ஓரத்தில் முதலில் பனி படர்ந்த மாதிரி ஒரு மங்கல் வரும். 60 டிகிரியைத் தாண்டும்போது அது ஆரம்பிக்கிறது. சூட்டில் சங்கிலிகள் உதறி மடிப்புக் கலைகின்றன. உள்ளே ஒளிந்திருந்த, தண்ணீர் பிடிக்காத கண்ணிகள் வெளியே வந்துவிடுகின்றன. வந்தவை தண்ணீரிலிருந்து தப்பிக்கப் பக்கத்துச் சங்கிலியைப் பிடித்துக்கொள்கின்றன. அது இன்னொன்றைப் பிடிக்கிறது. கொஞ்ச நேரத்தில் கல் முழுக்க ஒரே வலை. வலைக்குள் தண்ணீர் மாட்டிக்கொள்கிறது, வெளிச்சம் ஊடுருவ முடியாமல் சிதறுகிறது, வெள்ளையாகிறது. ஆறவைத்தாலும் வலை பிரியாது. பொரித்த முட்டை பழையபடி பச்சை முட்டை ஆகாததற்கு இதுதான் காரணம்.

இப்போது பால். பசும்பாலின் புரதத்தில் ஐந்தில் நான்கு பங்கு கேசீன். அதற்கு முட்டைப் புரதம் மாதிரி உறுதியான மடிப்பே கிடையாது, பிறக்கும்போதே தளர்வான நூல். மடிப்பே இல்லாதபோது சூடு எதைக் கலைக்கும்? ஆயிரக்கணக்கான கேசீன்கள் கால்சியம் பாஸ்பேட்டோடு சேர்ந்து சின்னச் சின்னப் பொதிகளாகப் பாலில் மிதக்கின்றன. பொதியின் மேலே ரோமம் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் பகுதிகளில் எதிர்மின்னூட்டம் இருக்கிறது. ஒரு பொதி இன்னொன்றைத் தள்ளிவிடுகிறது. அதனால் எவ்வளவு கொதித்தாலும் ஒட்டாது.

ஆனால் புளிப்பு வந்தால் கதை மாறிவிடும். நீங்கள் உறை ஊற்றியதும் அதிலுள்ள நுண்ணுயிர்கள் பாலின் சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலம் போடுகின்றன. புளிப்பைக் காட்டும் அளவான பி.எச். (குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 4.6 பக்கம் வரும்போது மின்னூட்டம் அணைந்து, தள்ளுவதற்கு எதுவும் இல்லாமல் பொதிகள் ஒட்டிக்கொள்கின்றன. தயிர்!

இன்னொன்றையும் கவனித்திருப்பீர்கள். நன்றாகக் காய்ச்சிய பாலில் உறை ஊற்றினால் தயிர் கட்டியாக விழும், காய்ச்சாத பாலில் தளதளவென்று இருக்கும். பாலில் மீதி ஒரு பங்கு இருக்கிறதே, அந்த மோர்ப் புரதங்களுக்கு முட்டை மாதிரி மடிப்பு உண்டு. காய்ச்சும்போது அவை கலைந்து கேசீன் பொதிகளின் மேல் ஒட்டிக்கொள்வதால் பிறகு வலை பலமாக விழுகிறது. நம் பாட்டிமார் கட்டித் தயிருக்குப் பாலைச் சுண்டக் காய்ச்சியதில் தண்ணீர் வற்றுவது பாதி, இது பாதி.

என் அம்மாவுக்கு இன்சுலின் ஊசி போடுகிறோம். இதை மாத்திரையாகக் கொடுத்தால் என்ன? பத்திரமாக இருக்கட்டும் என்று ஃப்ரீசரில் வைக்கலாமா? (ஒரு வாசகர், சிவகங்கை)

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில்: வைக்கவே கூடாது. உறைந்துபோன இன்சுலினைப் போடவும் கூடாது, தூக்கி எறிந்துவிடுங்கள்.

இதை நான் புத்தகத்தில் படித்து மட்டும் சொல்லவில்லை. 1996 கோடையில் என் அப்பாவுக்கு இன்சுலின் வாங்கி வந்தேன். கடையில் ஐஸ்கட்டிப் பொட்டலத்தின் மேலேயே குப்பியை ஒட்டி வைத்துக் கட்டிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தபோது குப்பியின் ஒரு பக்கம் உறைந்திருந்தது. கரைந்ததும் தெளிவாகத்தான் தெரிந்தது, உற்றுப் பார்த்தபோது அடியில் தூசு மாதிரி நாலைந்து துணுக்குகள். நான் அன்று கல்லூரிக்கு ஓடுகிற அவசரத்தில் இருந்தேன். அப்பா அதையே ஐந்து நாள் போட்டுக்கொண்டார். சர்க்கரை 300-ஐ விட்டு இறங்கவே இல்லை. ஆறாவது நாள் டாக்டர் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். புரதத்தின் மடிப்பு கலைவதைப் பற்றி அந்த வாரம்தான் வகுப்பில் பாடம் நடத்தியிருந்தேன். அந்தப் பார்வையை நான் மறக்கவில்லை. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

பிரிக்காத குப்பியை ஃப்ரிட்ஜில் 2 முதல் 8 டிகிரிக்குள் வையுங்கள். கதவுத் தட்டு நல்ல இடம். வெயிலும் வேண்டாம், வேகமாகக் குலுக்கவும் வேண்டாம். பிரித்த குப்பியைப் பெரும்பாலும் நான்கு வாரம்வரை நிழலான இடத்தில் வெளியே வைக்கலாம். ஆனால் வகைக்கு வகை மாறும், அட்டைப் பெட்டிக்குள் இருக்கும் தாளைப் படித்துவிடுங்கள். கரண்ட் அடிக்கடி போகிற ஊரானால் ஈரமணல் போட்ட மண்பானைக்குள் ஒரு டப்பாவில் வைப்பது இன்றைக்கும் உதவும்.

சரி, மாத்திரை. இன்சுலின் ஒரு சின்னப் புரதம். 21 கண்ணிகள் ஒரு சங்கிலி, 30 கண்ணிகள் ஒரு சங்கிலி, மொத்தம் 51. கண்ணிகளின் வரிசை முழுவதும் முதன்முதலில் தெரிந்த புரதம் இதுதான். கேம்பிரிட்ஜில் பிரெடெரிக் சாங்கர் ஏறக்குறைய பத்து வருடம் உட்கார்ந்து 1955-இல் முடித்தார், 1958-இல் நோபல் கிடைத்தது. இவ்வளவு அருமையான பொருளை வாய் வழியாகக் கொடுத்தால், வயிற்றில் பெப்சின், குடலில் டிரிப்சின் என்ற செரிமான நொதிகள் அதைத் துண்டு துண்டாக வெட்டிவிடும். அவற்றுக்கு இன்சுலினும் ஒன்றுதான், துவரம்பருப்புப் புரதமும் ஒன்றுதான். மெட்ஃபார்மின் போன்ற சர்க்கரை நோய் மருந்துகள் மாத்திரையாக வருகின்றனவே என்று கேட்பீர்கள். அவை புரதம் அல்ல, மிகச் சின்ன மூலக்கூறுகள். வெட்டுவதற்கு அதில் சங்கிலியே இல்லை.

ஆட்டுக்கால் சூப் குடித்தால் நம் எலும்பும் மூட்டும் பலப்படும் என்கிறார் மாமியார். நான் கொலாஜன் பவுடர் வாங்கலாமா என்று பார்க்கிறேன். எது நல்லது? (ஒரு வாசகி, சென்னை வேளச்சேரி)

உங்கள் மாமியார் வைத்த சூப்பை ஒரு கிண்ணத்தில் ஊற்றி ராத்திரி ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுக் காலையில் பாருங்கள். கிண்ணத்தைச் சாய்த்தால் சூப் ஊற்றாது, மொத்தமாக ஆடும். அந்த ஆட்டம்தான் கொலாஜன்.

நம் தோல், எலும்பு, தசைநாண் எல்லாவற்றிலும் இழுவிசையைத் தாங்குவது இந்தப் புரதம். உடம்பின் மொத்தப் புரதத்தில் கால் பங்குக்கு மேல் இதுதான். முட்டைப் புரதம் மாதிரி இது உருண்டை அல்ல, கயிறு. மூன்று சங்கிலிகள் சேர்ந்த முப்புரிக் கயிறு. தென்னை நார் திரிப்பவர்களைப் பார்த்திருந்தால் தெரியும். ஒவ்வொரு புரியையும் ஒரு பக்கமாக முறுக்குவார்கள், பிறகு புரிகளைச் சேர்க்கும்போது எதிர்ப்பக்கமாக முறுக்குவார்கள். அப்போதுதான் கயிறு பிரியாது. கொலாஜனிலும் அப்படியே. தனிச் சங்கிலி இடப்பக்கம் முறுகியிருக்கும், மூன்றும் சேர்ந்து வலப்பக்கம் முறுகியிருக்கும். மூன்று புரியும் ஒட்டி நிற்கிற நடுப்பகுதியில் இடமே இல்லை. அதனால் ஒவ்வொரு மூன்றாவது கண்ணியும் கிளைசின், இருபதிலேயே மிகச் சிறியது.

மணிக்கணக்கில் கொதிக்கும்போது புரிகள் பிரிந்து சூப்பில் இறங்குகின்றன. ஆறும்போது அங்கங்கே மறுபடி முறுக்கிக்கொண்டு தண்ணீரைப் பிடித்து வைக்கின்றன. சூடு பண்ணினால் மறுபடி இளகும். முட்டைக்கு இந்தத் திரும்பிப்போதல் கிடையாது என்பதை மேலே பார்த்தோம்.

இந்த முப்புரி அமைப்பைக் கண்டுபிடித்த இடம் உங்கள் வேளச்சேரிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. இதைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் வராது. 1952-இல் ஜி.என்.ராமச்சந்திரன் பெங்களூரிலிருந்து சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு இயற்பியல் துறைத் தலைவராக வந்தார். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட நிறையவில்லை. சென்னை வந்திருந்த பிரிட்டிஷ் விஞ்ஞானி பெர்னால், கொலாஜனின் அமைப்பு இன்னும் யாருக்கும் சரியாகப் பிடிபடவில்லை என்று பேச்சுவாக்கில் சொல்ல, இவர் அதைப் பிடித்துக்கொண்டார். கங்காரு வாலின் தசைநாணில் எக்ஸ்-கதிர் பாய்ச்சிப் படம் எடுத்து, கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து 1954-இல் 'நேச்சர்' இதழில் மூன்று சங்கிலி அமைப்பை வெளியிட்டார். அடுத்த வருடமே முறுக்கையும் சேர்த்துத் திருத்தினார்கள். சங்கிலிகளை ஹைட்ரஜன் பிணைப்பு என்ற மெல்லிய கட்டுகள் எத்தனை கட்டுகின்றன என்பதில் பிரான்சிஸ் கிரிக், அலெக்சாண்டர் ரிச் என்ற வெளிநாட்டு விஞ்ஞானிகள் மாற்றுக் கருத்து சொன்னார்கள். மூன்று சங்கிலி என்ற அடிப்படை மட்டும் அசையவில்லை.

அந்தச் சர்ச்சை அவரைச் சும்மா விடவில்லை. அணுக்கள் ஒன்றை ஒன்று எவ்வளவு நெருங்கலாம் என்று கணக்குப் போட ஆரம்பித்தார். உங்கள் முழங்கை முன்பக்கம் மடங்கும், பின்பக்கம் மடங்காது இல்லையா? புரதச் சங்கிலியின் மூட்டுகளும் அப்படித்தான். நினைத்த கோணத்துக்கெல்லாம் திரும்ப முடியாது, அணுக்கள் இடித்துக்கொள்ளும். எந்தக் கோணங்கள் நடக்கும், எவை நடக்காது என்று சி.ராமகிருஷ்ணன், வி.சசிசேகரன் இருவரோடும் சேர்ந்து 1963-இல் ஒரு படம் வரைந்தார். 'ராமச்சந்திரன் பிளாட்' என்று உலகம் முழுக்கப் பெயர். இன்றைக்கு எந்த நாட்டில் ஒரு புரதத்தின் அமைப்பைக் கண்டுபிடித்தாலும் இந்தப் படத்தில் வைத்துச் சரிபார்க்காமல் வெளியிடுவதில்லை. என் மாணவிகளை ஒவ்வொரு வருடமும் கிண்டி வளாகத்துக்கு அழைத்துப் போயிருக்கிறேன். காட்டுவதற்குப் பெரிதாக ஒன்றும் இருக்காது. இருந்தாலும் அங்கே நின்றுதான் அந்தப் பாடத்தை ஆரம்பிப்பேன்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். சூப்போ பவுடரோ, குடித்த கொலாஜன் கயிறாக மூட்டுக்குப் போய்ச் சேராது. குடலில் அமினோ அமிலங்களாகவும் குட்டித் துண்டுகளாகவும் வெட்டுப்பட்டுத்தான் ரத்தத்துக்குள் போகும். எங்கே எதைக் கட்டுவது என்று உடம்புதான் தீர்மானிக்கும். கொலாஜனில் டிரிப்டோஃபேன் என்ற கண்ணி கிடையவே கிடையாது, அதனால் அதை முழுமையான புரதமாக எண்ணவும் முடியாது. சொந்தக் கொலாஜனை உறுதியாகத் திரிக்க உடம்புக்கு வைட்டமின் சி வேண்டும். அது இல்லாவிட்டால் முப்புரி பிடிக்காது, ஈறில் ரத்தம் கசியும், பழைய மாலுமிகளுக்கு வந்த ஸ்கர்வி நோய் அதுதான். மாமியார் கையால் சூப் குடியுங்கள், ருசிக்காகவே குடிக்கலாம். பவுடர் வாங்க வைத்திருக்கும் பணத்தில் பருப்பும் முட்டையும், பக்கத்தில் நெல்லிக்காயும் கொய்யாவும் வாங்குங்கள் என்பது என் அபிப்பிராயம்.

மாடு வைக்கோல் தின்று கொழுக்கிறது. நாம் ஏன் வைக்கோல் சாப்பிட முடியாது? (ஒன்பதாம் வகுப்பு மாணவன், திருத்துறைப்பூண்டி)

தம்பி, ஒரே வயலில் ஒரே பயிரில் விளைந்த அரிசியையும் வைக்கோலையும் எடுத்துக்கொள். அரிசியின் மாவுச்சத்தும் குளுக்கோஸ் சங்கிலிதான், வைக்கோலின் செல்லுலோஸும் குளுக்கோஸ் சங்கிலிதான். வித்தியாசம் கண்ணிகள் கோத்திருக்கும் விதத்தில் மட்டும். மாவுச்சத்தில் எல்லாம் ஒரே பக்கம் பார்த்துக் கோத்திருப்பதால் சங்கிலி வளைந்து சுருளாகிறது. செல்லுலோஸில் ஒன்றுவிட்டு ஒன்று தலைகீழாகத் திரும்பியிருக்கும். அதனால் நேராக நீண்டு, பக்கத்துச் சங்கிலியோடு இறுகக் கட்டிக்கொள்கிறது. நம் எச்சிலில் உள்ள அமைலேஸ் என்ற நொதியின் குழியில் சுருள் சங்கிலி பொருந்தும், நேர்ச்சங்கிலி பொருந்தாது. ஒரு வாய்ச் சோறை விழுங்காமல் இரண்டு நிமிடம் மென்றுகொண்டே இரு, இனிப்பு தட்டும். நொதி வெட்டுகிறது.

மாட்டுக்கும் செல்லுலோஸை வெட்டும் நொதி சொந்தமாகக் கிடையாது. அதன் முதல் இரைப்பையில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள்தான் அதைச் செய்கின்றன.

மார்கழியில் தேங்காய் எண்ணெய் உறைகிறது, நல்லெண்ணெய் உறைவதில்லை. கலப்படமா? (ஒரு வாசகர், பொள்ளாச்சி)

இல்லை. தேங்காய் எண்ணெயின் கொழுப்பு அமிலங்கள் பெரும்பாலும் நேரான வால் உள்ளவை, விறகு அடுக்குவது போல நெருக்கமாக அடுக்கிக்கொள்ளும். 24 டிகிரி பக்கம் வந்தாலே உறையும். நல்லெண்ணெயில் முக்கால் பங்குக்கு மேல் வால் நடுவில் வளைந்தவை. கோணல் விறகை நெருக்கமாக அடுக்க முடியாது.

என் தங்கைக்கு ரத்தப் பரிசோதனையில் 'சிக்கிள் செல் கேரியர்' என்று வந்திருக்கிறது. வீட்டில் எல்லாரும் பயந்துபோயிருக்கிறோம். கல்யாணம் செய்யலாமா? (ஒரு வாசகி, கூடலூர், நீலகிரி)

முதலில் பயத்தை விடுங்கள் அம்மா. கேரியர் என்றால் நோயாளி இல்லை. அப்பா, அம்மா இருவரிடமிருந்து வரும் இரண்டு மரபணுக்களில் ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. பெரும்பாலும் எந்தத் தொந்தரவும் இல்லாமல் வாழ்வார்கள். தாராளமாகக் கல்யாணம் செய்யலாம்.

ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் நான்கு சங்கிலிகள் சேர்ந்தது, மொத்தம் 574 கண்ணிகள். அதில் பீட்டா என்ற சங்கிலியின் ஆறாவது இடத்தில் இருக்கவேண்டிய குளுட்டாமிக் அமிலம் என்ற கண்ணிக்குப் பதிலாக 'வாலின்' என்ற கண்ணி உட்கார்ந்துவிடுகிறது. முன்னது தண்ணீர் பிடித்தது, பின்னது பிடிக்காதது. அந்த வாலின், ஆக்சிஜனை இறக்கிவிட்ட பக்கத்து ஹீமோகுளோபினில் இருக்கும் ஒரு பள்ளத்தில் போய்ப் பொருந்திக்கொள்கிறது. ஒன்றோடு ஒன்று, அதோடு இன்னொன்று என்று கம்பி கம்பியாக நீண்டு, வட்டமான சிவப்பணுவை அரிவாள் (ஆங்கிலத்தில் 'சிக்கிள்') மாதிரி வளைத்துவிடுகிறது. வளைந்த அணு மெல்லிய ரத்தக்குழாயில் அடைத்துக்கொள்ளும்போது வலி தாங்கமுடியாது. இரண்டு மரபணுவும் மாறியிருப்பவர்களுக்குத்தான் இப்படி நடக்கிறது. இந்த ஒற்றைக் கண்ணி மாற்றத்தை 1956-இல் வெர்னான் இங்ரம் கண்டுபிடித்தார். அதற்கு நான்கு வருடம் முன்பே, 1952-இல், இந்தியாவில் இது இருப்பது முதன்முதலில் தெரியவந்தது உங்கள் நீலகிரியின் பழங்குடி மக்களிடம்தான். மலேரியா இருந்த இடங்களில் ஒரு மரபணு மட்டும் மாறியவர்கள் மலேரியாவிலிருந்து ஓரளவு தப்பினார்கள். அதனால்தான் இது தலைமுறை தலைமுறையாக நிலைத்திருக்கிறது. யாருடைய குற்றமும் இல்லை, யாருடைய சாபமும் இல்லை. உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

செய்யவேண்டியது ஒன்றுதான். மாப்பிள்ளைக்கும் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். சிக்கிள் மட்டுமல்ல, ஹீமோகுளோபின் போதிய அளவு உண்டாகாத பரம்பரை நோயான தலசீமியாவின் கேரியரா என்றும் பார்க்கச் சொல்லுங்கள், அதுவும் சேர்ந்தால் குழந்தைக்கு நோய் வரலாம். இருவருமே கேரியராக இருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. அப்போதும் கர்ப்பத்தின் ஆரம்பத்திலேயே பார்க்க வழி இருக்கிறது, மரபியல் ஆலோசகரிடம் போங்கள். 2023-இல் மத்திய அரசு இந்த நோய்க்கென்று தனித் திட்டம் தொடங்கியிருக்கிறது. உங்கள் ஊர் அரசு மருத்துவமனையில் அதைப் பற்றிக் கேளுங்கள்.

ஒரு நாளைக்கு எவ்வளவு புரதம் வேண்டும்? (ஒரு வாசகர், ஈரோடு)

ஆரோக்கியமான பெரியவருக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.83 கிராம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) சொல்கிறது. 60 கிலோ என்றால் 50 கிராம். சிறுநீரகத் தொந்தரவு இருந்தால் டாக்டர் சொல்கிற அளவுதான். இட்லியை விட்டுவிடாதீர்கள். அரிசியில் குறையும் லைசின் என்ற அமினோ அமிலம் உளுந்தில் இருக்கிறது, உளுந்தில் குறையும் மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் அரிசியில் இருக்கிறது.

உயிர்வேதியியல் படிக்க ஆசை. ஆனால் புரதங்களின் வடிவத்தையெல்லாம் கம்ப்யூட்டரே சொல்லிவிடுகிறது, இனி வேலை இல்லை என்கிறான் நண்பன். உண்மையா? (பிளஸ் டூ மாணவி, நாகர்கோவில்)

நண்பர் சொல்வதில் முதல் பாதி சரி. ஆல்ஃபாஃபோல்டு என்ற மென்பொருள் 20 கோடிக்கும் அதிகமான புரதங்களின் வடிவத்தைக் கணித்துவிட்டது. அதற்காக டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பர் இருவரும், புதுப் புரதங்களை வடிவமைத்ததற்காக டேவிட் பேக்கரும் 2024-இல் நோபல் வாங்கினார்கள். நான் படித்த காலத்தில் ஒரு புரதத்தின் வடிவத்துக்கு ஒரு முனைவர் பட்டமே போகும். இந்த மாற்றத்தைப் பார்க்கக் கிடைத்ததில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

ஆனால் வடிவமே நிலையாக இல்லாத புரதங்கள் நிறைய இருக்கின்றன. அவற்றைக் கேட்டால் ஆல்ஃபாஃபோல்டு குழம்பிய நூல் போல ஒன்றை வரைந்து, 'இந்த இடத்தில் எனக்கு நம்பிக்கை குறைவு' என்று நிறம் மாற்றிக் காட்டும். அப்படித் தளர்வாக இருந்துகொண்டே அவை எப்படி வேலை செய்கின்றன என்பதில் உனக்கும் உனக்கு அடுத்து வருபவர்களுக்கும் வேலை குவிந்து கிடக்கிறது.

அப்படி ஒரு புரதம் உன் வீட்டிலேயே இருக்கிறது, மேலே பார்த்த பாலின் கேசீன். ஒரு டம்ளர் பாலைக் கைபொறுக்கும் சூட்டுக்குக் கொண்டுவந்து, வினிகரைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்கு. கொஞ்ச நேரத்துக்கு ஒன்றும் நடக்காது. பிறகு ஒரு கட்டத்தில், அடுத்த ஒன்றிரண்டு சொட்டிலேயே, மொத்தமும் திரிந்து கட்டி வேறு, மஞ்சள் தண்ணீர் வேறு என்று பிரியும். எத்தனையாவது சொட்டில் பிரிந்தது என்று எண்ணி எனக்கு எழுது. பசும்பாலுக்கும் எருமைப்பாலுக்கும் தனித்தனியாக எண்ணினால் இன்னும் நல்லது.